வாளும் அதன் சாட்சிகளும்

ஜப்பானிய வாள் என்றவுடன் திரைப்படத்தில் கண்ட போர்வீரனின் நினைவே நம்மில் பலருக்கு எழும். ஆனால் அந்நாட்டில் வாள் வெறும் போர்க்கருவி அன்று. ஓவியமும் சிற்பமும் போலக் கலைப்பொருளாகப் போற்றப்படுவது. தேசியச் செல்வங்கள் என ஜப்பானிய அரசு அறிவித்துள்ள பொருள்களில் நூற்றுக்கு மேற்பட்டவை வாள்களே.

ஒரு வாளின் மதிப்பு, அதனை எவர், எக்காலத்தில் செய்தார் என்பதைப் பொறுத்தது. மதிப்பு மிகுந்த இடத்தில் போலியும் மிகும் அன்றோ? மெய்யையும் போலியையும் பிரித்தறியும் கலை அங்கே பல நூற்றாண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. அதன் அடிப்படைகளை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

உலையில் பிறப்பது

ஆற்றுப் படுகைகளிலும் மலைச்சரிவுகளிலும் கிடைக்கும் இரும்பு மணலைக் கரியுடன் சேர்த்துக் களிமண் உலையில் மூன்று பகல் மூன்று இரவு எரிக்கின்றனர். பின் உலையையே உடைத்து, உள்ளே விளைந்த எஃகை எடுக்கின்றனர். இதற்குத் தமஹகனே என்று பெயர். கொல்லர் இதனைச் சம்மட்டியால் அடித்து நீட்டி, மடித்து, மீண்டும் அடிப்பார். பன்னிரண்டு முறை மடித்தால் 4096 அடுக்குகள் உண்டாகும். மெருகிட்ட அலகின்மேல் மரத்தின் வரிகளைப் போலத் தோன்றுவன இவ்வடுக்குகளே.

அடுத்து வருவது தோய்ச்சல். அலகின் முதுகில் தடிப்பாகவும் கூர்வாயில் மெல்லியதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சி, நீரில் அமிழ்த்துவர். கூர்வாய் விரைந்து குளிர்ந்து மிகக் கடினமாகிறது. முதுகு மெல்லக் குளிர்ந்து, முறியாமல் தாங்கும் தன்மை பெறுகிறது. இரண்டும் கூடும் எல்லையில் வெண்மையான கோடு ஒன்று தோன்றும். அதுவே ஹமோன். நேராகவோ, அலைபோலவோ, கிராம்பு மொட்டுகளைப் போலவோ அது அமையும்.

மூன்று சாட்சிகள்

வாளை ஆராய்வோர் முதலில் வடிவத்தை நோக்குவர். குதிரைமேல் அமர்ந்து போரிட்ட காலத்து வாள் நீண்டது, வளைவு மிக்கது, கூர்வாய் கீழ்நோக்கத் தொங்கவிடப்பட்டது. பிற்காலத்துக் கத்தானா கூர்வாய் மேல்நோக்க இடையில் செருகப்பட்டது. 1596ஆம் ஆண்டுக்கு முந்தியவற்றைப் பழைய வாள் என்றும், பிந்தியவற்றைப் புதிய வாள் என்றும் பிரிப்பது மரபு.

இரண்டாவது சாட்சி அலகின் உடல். எஃகின் வரிகளும் ஹமோனும் கொல்லரின் கையெழுத்துப் போன்றவை. ஹமோனைக் கூர்ந்து நோக்கினால் மின்னும் சிறு மணிகளோ, மூடுபனி போன்ற வெண்மையோ தென்படும். முன்னது நியே, பின்னது நியோய். பழைய வாள்செய் மரபுகள் ஐந்தனுள் ஒன்றான பிஸெனில் நியோய் மிகும். ஸோஷூவில் நியே மிகும். தொழிற்சாலையில் எண்ணெயில் தோய்த்த போர்க்கால வாள்களில் பெரும்பாலும் இந்நுட்பங்கள் இரா. அமிலத்தால் போலி ஹமோன் வரைவதும் உண்டு. அது மேற்பரப்பில் மட்டும் கிடக்கும்.

மூன்றாவது, கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதி. ஜப்பானியர் இதனை நகாகோ என்பர். மூங்கில் முளையைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவரும். கொல்லரின் பெயரும், அரத்தின் கோடுகளும், பல நூற்றாண்டுத் துருவும் இங்கேதான் இருக்கின்றன. பழந்துரு கருமையாகவும் வழவழப்பாகவும் படிந்திருக்கும். புதுத்துரு செம்மையாக உதிரும். பொறித்த எழுத்தின் பள்ளத்துள்ளும் அதே பழந்துரு இருத்தல் வேண்டும். துருவை வெட்டிக்கொண்டு எழுத்து நின்றால், அப்பெயர் பின்னர் வந்து குடியேறியது என்று அறியலாம்.

பெயர் சொல்லும் பொய்

பெயர் இருக்கும்போது ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். பெயரே பெரும்பொய் சொல்லும் என்பதுதான் இத்துறையின் முதற் பாடம். பதினேழாம் நூற்றாண்டுக் கொல்லர் கொத்தெட்ஸுவின் பெயரைத் தாங்கிய போலிகள் ஏராளம். அதற்கு முந்நூறு ஆண்டுகள் முன் வாழ்ந்த மசமுனேயோ தம் வாள்களில் பெயர் பொறித்தது மிக அரிது. ஆகவே ‘மசமுனே’ என்று தெளிவாகப் பொறித்த வாள் கிடைத்தால், மகிழ்வதற்குப் பதில் ஐயுறுவதே அறிவுடைமை. நீண்ட வாள்களைப் பிற்காலத்தார் அடியிலிருந்து வெட்டிக் குறுக்கியபோது மெய்யான பெயர்கள் பல மறைந்தும் போயின.

இதனால்தான் ஹொன்அமி என்னும் குடும்பத்தார் வழிவழியாக வாள்களை ஆராய்ந்து சான்றிதழ் எழுதினர். ஷோகுன் யோஷிமுனேயின் ஆணைப்படி 1719இல் புகழ்பெற்ற வாள்களின் பட்டியல் ஒன்றும் உருவாயிற்று. இன்று அப்பணியை 1948இல் நிறுவப்பெற்ற ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் செய்து வருகிறது. சான்றிதழிலும் போலி புகும் என்பதனால், அதனை மட்டும் நம்பாது வாளையே நோக்குவர் தேர்ந்தோர்.

இழந்ததும் மீண்டதும்

1945இல் ஜப்பான் தோற்றபின், வாள்களை ஒப்படைக்குமாறு அமெரிக்கப் படையினர் ஆணையிட்டனர். ஹொம்மா ஜுன்ஜி போன்ற அறிஞர் முயன்று, கலைமதிப்புடைய வாள்களுக்கு விலக்குப் பெற்றனர். அதற்குள் எண்ணற்றவை அழிந்தன; எண்ணற்றவை கடல் கடந்தன. தோகுகாவா குடும்பத்தின் ‘ஹொன்ஜோ மசமுனே’ தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது, இன்றுவரை அகப்படவில்லை. அதில் பெயர் பொறிக்கப்படவில்லை. எங்கேனும் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தாலும், அதனை அடையாளம் காட்ட அலகும் நகாகோவுமே உள்ளன.

மறுபுறம், ககோஷிமாவின் தெருகுனி கோயிலுக்குரிய குனிமுனேயின் வாளும் போருக்குப்பின் மறைந்தது. அது அமெரிக்காவில் வால்ட்டர் காம்ப்டன் என்னும் சேகரிப்பாளர் கைக்கு வந்தது. வாளைப் படிக்கத் தெரிந்தவர் அவர். இன்னதென அறிந்ததும், 1963இல் விலை ஏதும் பெறாமல் ஜப்பானுக்கே திருப்பி அளித்தார்.

கையில் கிடைத்தால்

1944இல் இம்பாலிலும் கோகிமாவிலும், பின்னர் பர்மாவிலும் இந்தியப் படையினர் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டனர். சரணடைந்த அதிகாரிகள் வாள்களை ஒப்படைத்தனர். நம் நாட்டுப் படைவீரர் குடும்பம் ஒன்றில் அத்தகைய வாள் இருப்பின் வியப்பில்லை. அவற்றுள் பெரும்பாலானவை போர்க்காலத்தில் விரைவில் செய்தவை. ஆயினும், இராணுவ உறைக்குள் முன்னோரின் பழைய அலகைப் பொருத்திச் சென்ற அதிகாரிகளும் உண்டு.

பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குவது நம் வழக்கம். வாளிடம் அவ்வழக்கம் கூடாது. நகாகோவின் துருவை உப்புத்தாளால் தேய்ப்பவர், தம்மை அறியாமலே நானூறு ஆண்டுச் சாட்சியத்தை ஒரு பிற்பகலில் அழித்துவிடுகிறார். அலகை வெறுங்கையால் தொடுவதும் தவறு; விரலின் ஈரமே துருவுக்கு வித்து. மெல்லிய எண்ணெய் தடவி, நகாகோவின் இரு பக்கங்களையும் புகைப்படம் எடுத்து, அறிந்தவர்க்குக் காட்டுதல் போதும்.

பளபளப்பே பெருமை என்று எண்ணுவோர் உலகில் மிகுதி. பழைய வாளின் மானத்தைக் காப்பதோ அதன் துருதான்.