மலை இறங்கும் பிக்கப் வண்டிக்கு எக்ஸாஸ்ட் பிரேக் வேண்டுமா?

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. சூரியநெல்லியில் ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போடிநாயக்கனூருக்குப் புறப்பட்ட நம் குடும்பத்துப் பிக்கப் வண்டி, போடிமெட்டைக் கடந்து பாதி மலை இறங்கியிருந்தது. வண்டியை ஓட்டியவன் நம் தம்பி மகன். பத்தாண்டுப் பழக்கமுள்ளவன், குடிப்பழக்கம் அறியாதவன். புலியூத்துக்குக் கீழே ஒரு வளைவை நெருங்குகையில் அவன் பிரேக்கை மிதித்தான். மிதி பஞ்சுபோல் தளர்ந்து உள்ளே போயிற்று, வண்டியோ நிற்கவில்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மிதித்தும் பயனில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறுகச் சிறுக இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உரசி நிறுத்தினான். எவருக்கும் காயமில்லை. ஒரு பக்கத்துத் தகடு நசுங்கியதோடு போயிற்று. இரவு வீடு திரும்பியவன் சோற்றில் கை வைக்காமல், "பெரியப்பா, பிரேக்கு இருந்துச்சு, ஆனா பிடிக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் முதல் நமக்கு அறிவுரை கூற வந்தோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் ஒருமுகமாகச் சொன்னது, "ஒரு எக்ஸாஸ்ட் பிரேக் வாங்கிப் பொருத்திவிடுங்கள், கவலை தீர்ந்தது" என்பதே. வாங்குவதற்கு முன் விசாரிப்போம் என்று தொடங்கிய நாம், ஏறக்குறைய இரண்டு மாதங்கள் விசாரித்தோம். இடுக்கியிலும் பாலக்காட்டு மலையோரத்திலும் இத்தகைய வண்டியை நம்பி அடுப்பெரியும் தமிழ்க் குடும்பங்கள் அநேகம். ஆதலின் நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில், அன்று நடந்தது என்ன? பிரேக் உடையவில்லை, குழாயும் வெடிக்கவில்லை. வெப்பம் செய்த வேலை அது. போடிமெட்டுக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே உயர வேறுபாடு ஏறக்குறைய 1,000 மீட்டர். வண்டியும் சுமையுமாக 3 டன் எடையை அவ்வளவு உயரம் இறக்கினால், அதனுள் அடங்கிய ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாக வெளியேறியே தீரவேண்டும். கணக்கிட்டுப் பார்த்தோம்: குழாயில் பிடித்த தண்ணீரை 80 லிட்டருக்கும் மேலாகக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது! காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது அனைத்தும் நான்கு சக்கரங்களிலுள்ள டிஸ்க்கிலும் டிரம்மிலும் வந்து விழுகிறது. லைனிங் சூடேறினால் பிடிப்புக் குறையும். சூடு பிரேக் ஆயிலுக்குப் பரவினால், ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஆயிலை அழுத்தினால் சுருங்காது, ஆவியோ சுருங்கும். மிதி பஞ்சுபோல் ஆகும் இரகசியம் இதுவே.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதை நம்மவர் பலர் அறியார். டாட் 3 வகை ஆயில் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதியாமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அதற்கு விதித்த அளவு 140 பாகைதான். டாட் 4 வகைக்கு இவ்வெண்கள் முறையே 230, 155. ஆண்டில் பாதி நாள் மழையும் மூடுபனியும் சூழ்ந்த தேவிகுளம், உடும்பன்சோலைப் பகுதிகளில் ஆயில் எவ்வளவு விரைவில் ஈரம் ஏறும் என்று சொல்லவேண்டியதில்லை. நம் வண்டியில் ஆயில் மாற்றி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதை எழுதவே நமக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு பட்டறையில் ஒவ்வொரு முறையும் "ஊற்றிவிட்டோம்" என்றார்களேயன்றி, பழையதை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பினார்களா என்று நாமும் கேட்கவில்லை.

இனி எக்ஸாஸ்ட் பிரேக்கின் கதைக்கு வருவோம். பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குக் காற்றுப் புகும் வாயில் மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் மூச்சுத் திணறி உறிஞ்ச வேண்டியிருப்பதால் வண்டி தானே வேகம் குறையும். டீசல் எஞ்சினில் அத்தகைய வாயில் இறுக மூடுவதில்லை. அது தாராளமாகக் காற்றை இழுத்து, அழுத்தி, அழுத்திய காற்று விரியும்போது ஏறக்குறைய அவ்வளவு ஆற்றலையும் திரும்பப் பெற்றுவிடும். ஆகவே டீசல் வண்டியின் எஞ்சின் இறக்கத்தில் அதிகம் பிடித்து நிறுத்தாது. இக்குறையை நீக்கவே புகைக்குழாயில் ஒரு பட்டாம்பூச்சி வால்வை வைத்தார்கள். பொத்தானை அழுத்தினால் அது குழாயை அடைத்துவிடும். வெளியேற வழியின்றிப் புகைக்காற்று உள்ளே தேங்கி அழுத்தம் ஏறும். பிஸ்டன்கள் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சோரும். அந்தச் சோர்வு கியர்ப்பெட்டி வழியாகச் சக்கரங்களைச் சென்றடையும். வெப்பம் டிரம்மில் சேராமல் சைலன்ஸர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறும். லாரிகள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தி அனுப்புகிறார்கள். மலைச்சாலையில் லாரி இறங்கும்போது கேட்கும் 'புஸ்' என்ற முனகல் இதனுடையதாகவும் இருக்கலாம்.

இதனோடு பலரும் குழப்பிக்கொள்ளும் மற்றொன்று உண்டு. 1931இல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்னும் அமெரிக்க டீசல் எஞ்சின் நிபுணர், தம் எஞ்சினின் உழைப்பை உலகுக்குக் காட்ட லாரியொன்றில் நாட்டைக் குறுக்கே கடந்தார். கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்குகையில் பிரேக்குகள் பிடிப்பிழந்தன. அடிவாரத்தில் சரக்கு ரயிலொன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது; அதன் கடைசிப் பெட்டி விலகிய கணத்தில் லாரி தண்டவாளத்தைத் தாண்டியதாம். அந்த அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் அவர் கண்டுபிடித்த கருவிதான் ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்து விற்ற 'ஜேக் பிரேக்'. அது எஞ்சினின் தலைக்குள் அமர்ந்து, அழுத்திய காற்றை விரியவிடாமல் வெளியே திறந்துவிடுவது, கனரக லாரிகளுக்கானது. நம் பிக்கப்பிற்கு விலை பேசப்படுவது அதுவன்று. இரண்டையும் ஒரே பெயரால் விற்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நலம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? வாங்குவோர் முதலில் கேட்கவேண்டியது விலையை அன்று. தம் எஞ்சின் எவ்வளவு பின்னழுத்தம் தாங்கும் என்பதை. எக்ஸாஸ்ட் வால்வுகளை மூடிவைத்திருப்பவை ஸ்பிரிங்குகள். தேங்கிய புகையின் அழுத்தம் ஸ்பிரிங்கின் வலுவை மிஞ்சினால், மூடியிருக்கவேண்டிய வால்வு திறந்து, பின் 'படார்' என்று இருக்கையில் அறையும். நாளடைவில் வால்வு தேயும், உடையவும் கூடும். ஆகையால் இந்த அளவை வண்டி தயாரித்த நிறுவனத்திடம் எழுத்தில் பெறவேண்டும். பொருத்தும் கடைக்காரர் டர்போவுக்கு முன்னால் அழுத்தமானி வைத்து அளந்து காட்டவேண்டும். நாம் கேட்ட மூன்று இடங்களில் ஒருவரே மானி வைத்திருந்தார். மற்ற இருவரும் காதால் கேட்டே சொல்லிவிடுவார்களாம்!

வால்வின் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. தகட்டில் ஒரு துளையிட்டு, மிகையான அழுத்தத்தைக் கசியவிடுவது ஒரு வகை. இது மலிவு; ஆனால் எஞ்சின் மிக விரைவாகச் சுழலும்போதுதான் முழுப் பலன் தரும். கசிவை ஸ்பிரிங்கினால் கட்டுப்படுத்தும் மற்றொரு வகை, குறைந்த சுழற்சியிலும் அழுத்தத்தைத் தக்கவைக்கும். போடிமெட்டுப் பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சினை எந்நேரமும் உச்சச் சுழற்சியில் வைத்திருக்க முடியாது. ஆதலின் மலையில் உழைப்போர்க்கு இரண்டாம் வகையே ஏற்றது என்பது நம் கருத்து.

வால்வை இயக்குவது எது என்பதும் முக்கியம். லாரியில் காற்றழுத்தம் உண்டு, பிக்கப்பில் இல்லை. மின்விசையாலோ வேக்குவத்தாலோதான் இயக்கவேண்டும். வேக்குவம் என்றால் இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. காற்பிரேக்கிற்குத் துணைசெய்யும் பூஸ்டரும் அதே வேக்குவத்தைத்தான் நம்பியிருக்கிறது. புதிய குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால், உதவிக்கு வந்த கருவி உள்ள பிரேக்கையும் கெடுத்துவிடும். இடையில் ஒருவழி வால்வும் தனிக் கலனும் இல்லாத ஏற்பாட்டை எவ்வளவு மலிவாயினும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆக்ஸிலேட்டரையோ கிளட்சையோ மிதித்தவுடன் வால்வு தானே திறந்துகொள்ளும் சுவிட்சுகளும் அவசியம். கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பற்றுப்போவதால் அந்நேரம் எக்ஸாஸ்ட் பிரேக் ஒன்றுக்கும் உதவாது. நியூட்ரலில் இறங்கும் 'சிக்கன' ஓட்டுநருக்கு இக்கருவி வெறும் அலங்காரம்.

பிக்கப்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் பின்சக்கரங்களையே இயக்குகிறது. ஆகவே எக்ஸாஸ்ட் பிரேக்கும் பின்சக்கரங்களையே பிடிக்கும். சுமையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்புறம் இலேசாயிருக்கும். நென்மாறையிலிருந்து போத்துண்டி வழியாக நெல்லியாம்பதி ஏறி இறங்குவோர், மழையில் நனைந்த இலைச்சருகு எத்தகையது என்பதை நன்கறிவர். அத்தகைய வளைவில் பொத்தானை அழுத்தியபடியே திருப்பினால் வண்டியின் வால் வழுக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பின் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளை வைத்திருப்போர்க்கு ஒரு சொல். உங்கள் புகைக்குழாய் வெறுங்குழாய் அன்று. புகைக்கரியை வடிகட்டும் கலமும், அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் உணர்கருவிகளும் அதில் உள்ளன. அதை அறுத்து இடையில் வால்வு வைத்தால் எஞ்சினின் கணினி குழம்பும்; கலம் அடைபடும்; உத்தரவாதமும் போகும். மேலும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்தளித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. விபத்து நேர்ந்தபின் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இத்தகைய மாற்றத்தைத்தான். ஆதலின் புதிய வண்டிகளில் வெளிப் பட்டறையில் பொருத்துவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். நாள்தோறும் பாரத்துடன் மலை இறங்கும் தொழிலுடையோர், அடுத்த முறை கடன் வாங்கி வண்டி மாற்றுகையில், தொழிற்சாலையிலேயே எக்ஸாஸ்ட் பிரேக் அமைந்த சிறு லாரியைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம்.

பாலக்காட்டுச் சமவெளி அன்பர்களின் நிலை வேறு. கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் காய்கறி ஏற்றிக் கோயம்புத்தூர் செல்வோர்க்கு, கணவாய் சமதளமாதலால், இக்கருவியால் பயனேதும் இல்லை. அப்பணத்திற்கு நல்ல டயர் வாங்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இவ்வளவு விசாரித்தபின் நாம் கண்டது, காசு செலவில்லாத பரிகாரமே பெரிது என்பதுதான். மூன்று டன் வண்டி 20 கிலோமீட்டர் இறக்கத்தை ஒரு மணி நேரத்தில் இறங்கினால், ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் எட்டு எரிவதற்கு ஒப்பான வெப்பம் எழும். அரை மணியில் இறங்கினால் பதினாறு ஹீட்டர்கள்! வெப்பத்தின் மொத்தம் ஒன்றே. ஆறுவதற்குக் கிடைக்கும் நேரந்தான் பாதியாகிறது. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இக்கணக்கை அறிந்தோ அறியாமலோ சொன்னதுதான்.

மலையிலிருந்து சரக்கை இறக்குவது எக்காலத்தும் கடினமாகவே இருந்திருக்கிறது. மூணாற்றுத் தேயிலையை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோயிற்று. இன்று அப்பாரமெல்லாம் சாலையின்மேல் விழுந்திருக்கிறது. விடியற்காலையில் தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வந்து, மாலையில் அதே மலையை இறங்கும் பெண்களின் உயிரும் அதனோடு சேர்ந்தே இறங்குகிறது. சரக்கு வண்டியில் ஆளேற்றுவது சட்டவிரோதம் என்று நாம் அறிவோம். ஏற்றப்படுகிறார்கள் என்பதையும் அறிவோம். அவ்வண்டிகளின் உரிமையாளர்களுள் நம்மவரும் உண்டு என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதினோம்.

நம் வண்டி 2020க்கு முற்பட்டது. பிரேக் ஆயிலை முழுதும் வடித்து டாட் 4 நிரப்பினோம். வண்டியின் கைப்புத்தகம் அதை அனுமதிக்கிறது. நான்கு சக்கரத்திலும் லைனிங் மாற்றினோம். மூட்டைகளில் ஐந்தைக் குறைத்தோம். அதனால் மாத வருமானத்தில் ஒரு துண்டு விழத்தான் செய்கிறது. எஞ்சின் தாங்கும் பின்னழுத்தம் யாதெனக் கேட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதிய கடிதத்திற்கு இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்துவதாயில்லை. தம்பி மகன் மீண்டும் வண்டி ஓட்டுகிறான். போடிமெட்டில் தேநீருக்கு நிறுத்தும்போது, சக்கரங்களருகே குனிந்து புறங்கையால் சூடு பார்த்துவிட்டே இறங்குகிறான்.

நேயர்களுள் எவரேனும் தம் பிக்கப்பில் இக்கருவியைப் பொருத்தி ஓராண்டேனும் ஓட்டியிருந்தால், வண்டியின் ஆண்டு, வால்வின் வகை, அளந்த அழுத்தம், இறங்கும் பாதை ஆகியவற்றைச் சங்கத்துக்கு எழுதியனுப்ப வேண்டுகிறோம். அவற்றை அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.