ஊதாத வலம்புரி

ஏர்வாடியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நேரே தர்காவை நோக்கி நடக்கிறார்கள். மதீனாவிலிருந்து வந்து இந்தக் கடற்கரை மண்ணில் அடங்கிய சுல்தான் சையது இப்ராகீம் ஷஹீத் அவர்களின் சந்நிதியில், ஜாதி மத பேதமின்றி ஜனங்கள் கூடுகிறார்கள். நாமும் அந்தக் கூட்டத்தோடுதான் இறங்கினோம். ஆனால் நாம் வந்த காரியம் வேறு. நம்முடன் வந்த நண்பரின் மடியில், மஞ்சள் பட்டுத் துணியில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. பஸ் பள்ளத்தில் விழுந்து எழுந்தபோதெல்லாம் அவர் அதை இரண்டு கைகளாலும் அணைத்துக் கொண்டார். கைக்குழந்தையைக்கூட யாரும் அவ்வளவு பத்திரமாகப் பிடித்து நாம் கண்டதில்லை.

நண்பர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வாழ்நாளில் அவருக்கு இருந்த ஒரே ஆசை, பூஜை அறையில் ஒரு வலம்புரிச் சங்கு இருக்க வேண்டும் என்பது. சென்ற மாதம் ஒரு தரகர் அந்த ஆசையை எப்படியோ மோப்பம் பிடித்து வீடு தேடி வந்துவிட்டார். விலை 80,000 ரூபாய், முன்பணம் 10,000. “மூன்று நாள் பூஜையில் வைத்துப் பாருங்கள், வீட்டில் மாறுதல் தெரியும்” என்று சொல்லிச் சங்கையும் கொடுத்துவிட்டுப் போனார். மாறுதல் உடனே தெரிந்தது. பேத்தியைக் காலேஜில் சேர்ப்பதற்காகப் போட்டு வைத்திருந்த பணத்தை எடுக்க நண்பர் பாங்கிக்குப் புறப்பட்டுவிட்டார்! அவருடைய சம்சாரம் நமக்குச் சொல்லியனுப்பினார். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையே சங்கு குளித்தே வயதானவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கொடுக்கலாம் என்று நாம் சொன்னோம். அரை மனதோடு நண்பர் சம்மதித்தார்.

எது வலம், எது இடம்?

வலம்புரி என்பது தனி ஜாதிச் சங்கு அல்ல. மன்னார் வளைகுடாவிலும் பாக் ஜலசந்தியிலும் மணற்பாங்கான அடித்தரையில் புழுக்களைத் தின்று வாழும் அதே சங்குதான் அது. சுருள் முடிகிற குமிழான தலைப்பக்கம் கீழே இருக்க, நீண்டு ஒடுங்கிய முனை மேலே இருக்க, வாயை நம் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தால் சாதாரணச் சங்கின் வாய் இடப்புறம் திறக்கும். அது இடம்புரி. எப்போதாவது ஒன்று, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல, வலப்புறம் திறந்து பிறந்துவிடுகிறது. லட்சத்தில் ஒன்று என்று சொல்வது வழக்கம். ஆயிரம் இடம்புரி சூழ ஒரு வலம்புரி, ஆயிரம் வலம்புரி சூழ ஒரு சலஞ்சலம், ஆயிரம் சலஞ்சலம் சூழ ஒரு பாஞ்சசன்னியம் என்று நம் முன்னோர் அடுக்கிக்கொண்டே போனார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிராணி சாஸ்திரிகள் தலைப்பக்கத்தை மேலே வைத்துப் பார்க்கிறவர்கள். ஆகவே நம்முடைய வலம்புரி அவர்களுடைய புத்தகத்தில் இடஞ்சுழி! பிடிக்கிற விதத்தில்தான் வலமும் இடமும் இருக்கின்றன. ஆனால் அபூர்வம் அபூர்வம்தான். அதைப் பிடிக்கிற விதத்தால் மாற்ற முடியாது.

இந்தக் கரைக்கும் சங்குக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. இதே ஜில்லாவில் வைகை கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில் பழங்காலத்துச் சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன. சங்கறுக்கும் தொழில் செய்த வேளாப் பார்ப்பானைப் பற்றி அகநானூறு பேசுகிறது. பிற்காலத்தில் இப்பகுதிச் சங்குப் படுகைகள் சேதுபதிகளின் உரிமையாக இருந்தன. அந்தப் படுகையில் பிறர் சங்கு எடுத்தால் அது திருட்டு ஆகுமா என்ற வழக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ஹைகோர்ட்டு வரை போயிற்று. ஆகும் என்று தீர்ப்பாயிற்று. இங்கே எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகி, அங்குள்ள மணப்பெண்களின் கைகளில் ஏறிற்று. இராமநாதபுரத்து முஸ்லிம் ஒருவர் மூச்சடக்கி எடுத்த பொருள் டாக்காவிலே ஹிந்துப் பெண்ணின் மங்கலச் சின்னம்! தேச ஒற்றுமையைப் பற்றி நாம் மேடையில் பேசுவதைக் காட்டிலும் சங்கு வெகு காலமாகவே அதைச் செய்துகொண்டு வந்திருக்கிறது.

விரல் சொன்ன தீர்ப்பு

நாம் தேடிய பெரியவர் கடற்கரையோரம் ஓர் ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இளமையில் கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்குத் தகடும் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் கடலடியில் இறங்கி, மணலில் சங்கு ஊர்ந்து போன தடத்தைப் பார்த்துப் பின்தொடர்ந்து எடுத்தவர். இப்போது ஒரு காது கேட்பதில்லை.

“வாங்க ஐயா, இப்படி நிழல்ல உட்காருங்க” என்றார்.

நண்பர் பட்டுத் துணியைப் பிரித்தார். பெரியவர் சங்கை வாங்கி ஒரு கையில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு அதைத் திருப்பி நண்பரிடமே கொடுத்தார்.

“வாய்க்குள்ள விரலை விடுங்க ஐயா. நடுத் தூணைத் தடவிப் பாருங்க. மடிப்பு ஏதாச்சும் தட்டுப்படுதா?”

நண்பர் தடவினார். “இல்லையே பாய், வழவழவென்றுதான் இருக்கிறது.”

பெரியவர் கொட்டகையின் மூலையிலிருந்து ஒரு சாதாரண இடம்புரிச் சங்கை எடுத்து நீட்டினார். “இப்ப இதுல விடுங்க.”

நண்பரின் விரல் உள்ளே போயிற்று. அவர் முகம் மாறிற்று. நமக்கும் அந்தச் சங்கைத் தந்தார். நடுத்தூணின் மேல் மூன்று நான்கு வரம்புகள், வயலில் பாத்தி கட்டியதைப் போல, திட்டமாக விரலில் பட்டன.

“நம்ம கடல் சங்குன்னா அந்த மடிப்பு இருக்கணும், ஐயா. வலம்புரியா இருந்தாலும் இருக்கணும். இது வேற தண்ணியில பிறந்தது” என்றார் பெரியவர்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்ஸிகோ வளைகுடாவிலும் வேறொரு ஜாதிக் கடல் நத்தை இருக்கிறது. அந்த ஜாதிக்கு வலம்புரியாகச் சுழல்வதே இயல்பு. நம் இடம்புரியைப் போல அது அங்கே சாதாரணம். டெக்ஸாஸ் மாகாணத்தார் 1987-ஆம் ஆண்டில் அதையே தங்கள் மாகாணச் சங்காக அறிவித்தார்கள். அந்தக் கரையில் பொறுக்கின சங்கு கப்பல் ஏறி இங்கே வந்து, மெருகும் பட்டும் சந்தனமும் பூண்டு, லக்ஷ்மி கடாட்சமாகி விற்பனைக்கு நிற்கிறது. வாசகர்கள் எவரேனும் வலம்புரி வாங்க நேர்ந்தால் ஜாதகத்தைப் பார்க்க வேண்டாம். முதலில் விரலை விட்டுப் பாருங்கள்.

நண்பர் நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். 10,000 ரூபாய் போய்விட்டது. 70,000 ரூபாய் பிழைத்தது. ஆனால் அவருடைய துக்கம் பணத்தைப் பற்றியது அல்ல என்று நமக்குத் தோன்றிற்று.

கடலுக்கு அப்பால் ஓர் இடக்கை வாத்தியம்

அபூர்வப் பொருளை உடையவனாக இருக்க வேண்டும் என்கிற இந்தத் தாகம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. மேல்நாட்டில் பேஸ் கிதார் என்று ஒரு வாத்தியம் உண்டு. நான்கு தந்திகளோடு, சாதாரணக் கிதாருக்கு ஒரு ஸ்தாயி கீழே பேசுவது. நம் சினிமாப் பாட்டுக்களில் மிருதங்கத்தின் தொப்பியைப் போல அடியிலிருந்து தாங்கிக்கொண்டு போகிற கனமான நாதம் அதுதான். 1951-ஆம் ஆண்டில் லியோ பெண்டர் என்ற அமெரிக்கர் இதைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கினார். தொழிற்சாலைப் பண்டமானாலும், அந்த ஆரம்ப வருஷங்களில் செய்தவற்றை இன்று சேகரிப்போர் பெரும் விலை கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆராதிக்கிறார்கள். அவற்றுள்ளும் இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்காக மாற்றி அமைத்தவை மிகக் குறைவு. அதாவது, அங்கேயும் வலம்புரி உண்டு, இடம்புரி உண்டு!

பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மக்கார்ட்னி இடக்கைக்காரர். 1961-ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுனுக்கு ஹாப்னர் கம்பெனியின் இடக்கைப் பேஸ் கிதார் ஒன்றை வாங்கினார். அப்போது அது மலிவுச் சரக்கு. அதன் உடல் பிடிலைப் போல இருபுறமும் ஒத்திருந்தபடியால், இடப்பக்கம் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பதே அவர் அதை விரும்பியதற்கு ஒரு காரணம். அதை வைத்துக்கொண்டுதான் உலகத்தையே தம் பக்கம் திருப்பினார். 1972-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து அது களவு போயிற்று. அரை நூற்றாண்டுக் காலம் அதன் குரலை யாரும் கேட்கவில்லை. பிறகு அதைத் தேடுவதற்கென்றே சிலர் முனைந்து, ஒரு வீட்டுப் பரணில் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். அது உரியவரிடம் சேர்ந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று.

அந்தக் கிதாருக்கு இன்று மதிப்புப் போடுகிறவர்கள் கோடிக் கணக்கில் பேசுகிறார்கள். ஆனால் அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? பரணில் கிடந்த வருஷங்களிலிருந்தா? இல்லை, வாசித்த வருஷங்களிலிருந்து வந்தது.

ஊமைப் பொக்கிஷம்

இதைப் பெரியவரிடம் நமக்குத் தெரிந்த விதத்தில் சொன்னோம். அவர் சிரித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“வலம்புரியை யாராச்சும் ஊதிக் கேட்டிருக்கீங்களா, ஐயா?”

யோசித்துப் பார்த்தோம். கேட்டதில்லை. சங்கு ஊத வேண்டுமானால் தலைப்பக்கத்தின் நுனியை அறுத்துத் துளை செய்ய வேண்டும். அந்தத் துளையில் உதட்டை வைத்து அதிரச் செய்தால், உள்ளே சுருண்டு கிடக்கும் குழல் அந்த அதிர்வை வாங்கிப் பெருக்கி வெளியே அனுப்புகிறது. குழல் நீண்டிருந்தால் நாதம் தாழும். ஆகவே பெரிய சங்கு கனத்த குரலில் பேசுகிறது. ஆனால் பெரும் பணம் கொடுத்து வலம்புரி வாங்கியவன் அதன் தலையை அறுக்கச் சம்மதிப்பானா? காதில் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஓங்காரம் கேட்கிறது என்று திருப்தி அடைகிறான். காதில் கேட்பது சுற்றுப்புறத்துச் சப்தம் சங்கின் வயிற்றில் புகுந்து எதிரொலிப்பதுதான். ஒரு செம்பைக் காதில் கவிழ்த்தாலும் கொஞ்சம் கேட்கும். ஆக, வாத்தியங்களுள் மிக அபூர்வமானது வாழ்நாள் முழுவதும் ஊமையாகவே இருந்துவிடுகிறது.

குருக்ஷேத்திரத்தில் ஒவ்வொரு வீரனின் சங்குக்கும் ஒரு பெயர் இருந்தது. கண்ணனுக்குப் பாஞ்சசன்னியம், அர்ஜுனனுக்குத் தேவதத்தம், பீமனுக்குப் பௌண்டரம். பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பெயர்களை நாம் அறிந்திருப்போமா? ஊதினார்கள், ஆகையால் அறிகிறோம்.

பெரியவர் இடம்புரிச் சங்கைக் கையில் எடுத்தார். கடலைப் பார்த்து நின்றார். ஒரு காது கேளாத அந்தக் கிழவரின் மார்பு ஒருமுறை விரிந்தது. கடலடியில் எத்தனையோ ஆயிரம் தடவை அடக்கிய மூச்சு அது. இப்போது சங்கின் வழியே வெளியே வந்தது. கொட்டகையின் ஓலை அதிர்ந்தது. கரையில் விளையாடிய பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். தூரத்தில் ஒரு படகிலிருந்து யாரோ கையை உயர்த்தினார்கள்.

நண்பரின் கண்கள் கலங்கியிருந்தன. “இது என்ன விலை, பாய்?” என்று கேட்டார்.

“அறுநூறு கொடுங்க ஐயா. பேத்திக்குக் கொண்டு போங்க. ஊதப் பழகட்டும், நெஞ்சுக்கு நல்லது” என்றார் பெரியவர்.

நம் நாட்டில் சங்கு என்ற சொல்லுக்குள் எத்தனை குரல்கள் அடங்கியிருக்கின்றன! குழந்தைக்குப் பால் புகட்டுவதும் சங்கு. கோயிலில் முழங்குவதும் சங்கு. கடைசி யாத்திரையில் சேகண்டியோடு முன்னே போவதும் சங்கு. ஆலையில் வேலை நேரத்தை அறிவிக்கும் ஊதலுக்கும் ஜனங்கள் சங்கு என்றே பெயர் வைத்தார்கள். 1930-களில் அந்நிய ஆட்சியை எதிர்த்து ஒரு சிறு பத்திரிகை காலணா விலைக்குத் தமிழ்நாட்டுத் தெருக்களில் விற்றது. அதன் பெயர் ‘சுதந்திரச் சங்கு’. காலணாச் சங்குதான், இடம்புரியா வலம்புரியா என்று யாரும் விசாரிக்கவில்லை. அது முழங்கிற்று, ஜனங்கள் எழுந்தார்கள்.

திரும்பி வரும்போது பட்டுத் துணியில் இரண்டு சங்குகள் இருந்தன. தரகரை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவர் கொடுத்த டெலிபோன் நம்பரில் பதிலும் இல்லை. அமெரிக்கச் சங்கு இப்போது நண்பர் வீட்டு மேஜையில் காகிதம் பறக்காமல் காத்து நிற்கிறது. பேத்தி காலேஜில் சேர்ந்துவிட்டாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மாலையில் மாடிக்குப் போய் இடம்புரியை ஊதுகிறாள். முதல் வாரத்தில் காற்று மட்டுமே வந்ததாம். இரண்டாவது வாரத்தில் அண்டை வீட்டார் வந்து, “என்ன, யாருக்கு என்ன ஆயிற்று?” என்று பதறிக் கேட்டார்களாம். இப்போது அது ஒழுங்காகப் பேசுகிறது என்று நண்பர் எழுதியிருக்கிறார்.