இணைப்புத் திசு: செல்லுக்கு வெளியே இருக்கும் பலம்

தசையை எலும்போடு பிணைப்பதும், தோலுக்கு அடியில் மெத்தையாகப் பரவுவதும், உள்ளுறுப்புகளை அதனதன் இடத்தில் நிறுத்துவதும் இணைப்புத் திசுவின் வேலை. மற்ற திசுக்களில் செல்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும். இதில் பெரும்பாலும் செல்கள் குறைவு. அவை உண்டாக்கி வெளியே விட்ட பொருளே அதிகம். மேட்ரிக்ஸ் எனப்படும் அந்தப் பொருள்தான் திசுவின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

மேட்ரிக்ஸில் நீரைப் பிடித்துவைக்கும் கூழும், அதனூடே ஓடும் புரத நார்களும் உண்டு. எலாஸ்டின் நார் நீண்டு மீளும். பெருந்தமனி விரிந்து சுருங்குவது அதனால்தான். இழுவையைத் தாங்குவது கொலாஜன். உடலின் மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுவே. மூன்று சங்கிலிகள் கயிறுபோல முறுக்கிக்கொண்ட அதன் அமைப்பை, 1950களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தனர். வைட்டமின் சி இல்லாவிட்டால் இந்த முறுக்கு உறுதிப்படாது. ஸ்கர்வி நோயில் ஈறு கசிவதற்கும், ஆறிய புண் மறுபடி திறந்துகொள்வதற்கும் காரணம் இதுதான். 1747இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் நோயாளிகளை ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றியபோது, கொலாஜனைப் பற்றி யாருக்கும் தெரியாது.

நார்கள் நெருக்கமின்றிப் பல திசைகளில் ஓடினால் அது தளர்வான இணைப்புத் திசு. தோலடியில் இருப்பது இந்த வகை. கொழுப்புத் திசுவும் இதைச் சேர்ந்ததே. அடர்வான திசுவில் கொலாஜன் கற்றைகள் நெருங்கி நிற்கும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணிலும், எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட்டிலும் அவை இழுவிசையின் திசையிலேயே ஓடுகின்றன. அதனால் நெடுக்கே இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் முறுக்கினால் கிழியக்கூடும்.

குருத்தெலும்பின் மேட்ரிக்ஸ் கெட்டியானது, ஆனால் வளையும். அதற்குள் இரத்தக்குழாய் கிடையாது. ஊட்டம் சுற்றுப்புறத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்தால் எளிதில் சரியாகாததற்கு இது முக்கியக் காரணம். எலும்பிலோ கொலாஜன்மீது கால்சியம் பாஸ்பேட் உப்புகள் படிந்திருக்கும். உப்பு அழுத்தத்தைத் தாங்கும், கொலாஜன் முறிவைத் தடுக்கும். எலும்புக்குள் இரத்தம் ஓடுவதால் முறிந்தாலும் கூடிவிடும்.

எதையும் கட்டி நிறுத்தாத இரத்தமும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டிருப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் கருவில் எலும்புக்கும் இரத்தத்துக்கும் மூலம் ஒரே நடு அடுக்கு. இரத்தத்தின் மேட்ரிக்ஸ் திரவமான பிளாஸ்மா. அதில் நார்கள் கரைந்த நிலையில் இருக்கின்றன. காயம் பட்டு இரத்தம் உறையும்போதுதான் ஃபைப்ரின் இழைகளாக வெளிப்படுகின்றன.