உங்களுக்குத் தெரியுமா? மின்கம்பி யாருக்குச் சொந்தம்?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக பஸ்ஸில் போகிறவர்கள் காற்றாலைகளைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிகள் யாருடையவை?

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் யாரும் மின்சாரத்தைக் கடத்தும் தொழில் நடத்த முடியாது. ஒரு விலக்கு உண்டு: மின் உற்பத்தி நிறுவனம் தன் நிலையத்திலிருந்து துணைமின் நிலையம்வரை தனிக் கம்பி இழுத்துக்கொள்ளலாம், அதற்கு உரிமம் வேண்டாம். அதற்கப்பால், மாநிலத்துக்குள் ஓடும் உயரழுத்தப் பாதைகள் பெரும்பாலும் 2009-இல் உருவான தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்தின் சொத்து. ஆனால் இந்தக் கழகம் மின்சார வியாபாரம் செய்யக் கூடாது. மிகச் சரியான தடை. பாதை வைத்திருப்பவரே வியாபாரமும் செய்தால் மற்றவர்களுக்கு வழிவிட மாட்டார்.

இந்தக் கம்பிகளைத் தாங்கும் டவர் ஒரு தென்னந்தோப்பில் எழுந்தாலும் மண் தோப்புக்காரருடையதுதான். 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டம் வகுத்து, மின்பாதைகளுக்கும் பின்பற்றப்படும் இந்த முறையில் நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. பயன்படுத்தும் உரிமை மட்டுமே போகிறது. வெட்டுப்பட்ட தென்னைக்கும் ரப்பருக்கும் இழப்பீடு கொடுத்தே ஆகவேண்டும். தொகை போதாதென்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். நீட்டிய தாளில் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இழப்பீட்டுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.