கதரின் குணம் நூலில் இருக்கிறது

கைத்தறித் துணியெல்லாம் கதர் என்றே பலரும் நினைக்கிறார்கள். கைத்தறியில் நெய்தால் மட்டும் போதாது, நூலையும் கையால் நூற்றிருக்க வேண்டும். ஆலை நூலில் நெய்த கைத்தறி வேட்டி கதராகாது. கதர், கிராமத் தொழில் ஆணையத்தை அமைக்க 1956இல் இயற்றிய சட்டத்தின் வரையறையும் இதுதான். அதன்படி கையால் நூற்ற பட்டு நூலிலும் கம்பளி நூலிலும் நெய்தவையும் கதரே.

நூற்கும்போது வலக்கை ராட்டையைச் சுற்றும், இடக்கை பஞ்சுப் பட்டையைப் பின்னால் இழுக்கும். கதிர் சுழலச் சுழல முறுக்கு ஏறி, பஞ்சு நூலாகிறது. கை எட்டும் தூரம் வந்ததும், ராட்டையைச் சற்றே பின்னுக்குத் திருப்பி, நூலைக் கதிரில் சுற்றிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பிலும் கையின் வேகம் கொஞ்சம் மாறும். அதனால் நூல் ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும்.

கதரின் குணமெல்லாம் இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து வருகிறது. மெலிந்த இடத்தில் முறுக்கு அதிகமாக ஏறும். பருத்த இடம் முறுக்குக் குறைந்து பஞ்சுபோலவே தங்கிவிடும். அந்த இடங்கள் வியர்வையை நன்றாக உறிஞ்சும். ஒரே சீராக இல்லாத நூல்கள் நெருங்கி ஒட்டுவதில்லை. இடையே காற்று புகுந்து போகும். வெயிலுக்குக் கதர் இதமாக இருப்பது இதனால்தான். தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்; துவைக்கத் துவைக்க மென்மையாகும்.

கதர் என்றாலே முரட்டுத் துணி என்பதும் சரியல்ல. ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளச் சிட்டம் எத்தனை அடங்குகிறதோ, அதுவே நூலின் நம்பர். 40ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். வங்கத்தின் கதர் மஸ்லின் மிக மெல்லிய கைநூலில் நெய்வது.

ஒரே கதிரில் நூற்றால் உற்பத்தி குறைவு. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் ராட்டையில் ஒரே சமயத்தில் பல கதிர்கள் சுழலும். பஞ்சை இழுக்கும் வேலையை உருளைகள் பார்த்துக்கொள்ளும்.

கதரிலும் குறை உண்டு. எளிதில் கசங்கும், முதல் சலவையில் சுருங்கும். தைக்கக் கொடுக்கும் முன் ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திவிடுங்கள். ஏற்ற இறக்கமான நூலை ஆலையும் செய்துவிடுகிறது என்பதால், கண்ணை மட்டும் நம்பாமல் கதர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.