பாட்டுக்கு எப்போது பூட்டுப் போடலாம்?



கள்ளக்குறிச்சி என்றதும் வெளியூர் மக்களுக்கு 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம்தான் நினைவுக்கு வருகிறது. கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். மது நம் குடும்பங்களை என்ன செய்கிறது என்பதை நாம் யாரும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, அதே மதுவைப் பற்றிப் பாடியதற்காக ஒருவர் சிறைக்குச் சென்றார் என்பதை நம்மில் பலர் மறந்திருப்போம். அதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

2015-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று, மதுக்கடையை அகற்றக் கோரிக் குமரி மாவட்டத்தில் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். தமிழகம் முழுவதும் மதுவிலக்குக் கோரிக்கை எழுந்தது. அப்போது மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன், டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லியும், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவைக் கடுமையாகக் கிண்டல் செய்தும் பாடிய பாடல்கள் இணையத்தில் காணொளியாகப் பரவின. அக்டோபர் 30 அன்று அதிகாலையில் திருச்சியில் அவருடைய வீட்டிலேயே அவர் கைது செய்யப்பட்டார். தேசத்துரோகம், கலகத்தைத் தூண்டுதல் போன்ற குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. நவம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது. அவரைக் காவலில் எடுத்து விசாரிக்க விரும்பிய மாநில அரசின் மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இதற்கிடையில், கைதுக்கு முன் பாட்டைக் கேட்டிராதவர்களும் அதைத் தேடிக் கேட்டார்கள். 2018 ஏப்ரலில், பிரதமரையும் ரத யாத்திரையையும் விமர்சித்த மற்றொரு பாட்டுக்காக அவர் மீண்டும் கைதானார்.

அந்தப் பாடல்களின் கருத்தோடு எல்லாரும் உடன்பட வேண்டும் என்பதில்லை. கோவன் பாடியது அரசு நடத்தும் கடைகளைப் பற்றி. கருணாபுரத்தில் மக்களைக் கொன்றது கள்ளச்சாராயம். கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்று வாதிடுவோரும் உண்டு. அவர் சார்ந்த இயக்கத்தின் கொள்கைகள் பலவற்றை நாம் ஏற்கவும் முடியாது. ஆனால் பாட்டுக்குப் பதில் வாதமாக வந்திருக்க வேண்டும். விலங்காக வந்தது ஏன் என்பதே கேள்வி.

"அப்படியானால் எதை வேண்டுமானாலும் பாடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். திரைப்படப் பாடல்கள் 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி தணிக்கைக் குழுவின் பார்வைக்குச் செல்கின்றன. ஆனால் ஒருவர் தானே பாடி இணையத்தில் ஏற்றும் காணொளிக்கு முன்தணிக்கை இல்லை. வெளிவந்த பிறகு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ் அரசு அதை முடக்கலாம். அல்லது காவல்துறை வழக்குப் பதிவு செய்யலாம். எதைக் குற்றமாகக் கருதுவது என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1962-லேயே, கேதார்நாத் சிங் வழக்கில் ஓர் அளவுகோல் தந்தது. அரசைக் கடுமையாகக் கண்டிப்பது தேசத்துரோகம் ஆகாது. வன்முறையைத் தூண்டினால், அல்லது பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்றது. தேசத்துரோகப் பிரிவான 124-ஏ 2022-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தோடு அதுவும் போய், புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவு வந்துள்ளது. 2025 மார்ச்சில், ஒரு கவிதை ஒலித்த காணொளிக்காகக் குஜராத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்மேல் போடப்பட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எதைக் கேட்டாலும் அஞ்சி நடுங்குபவரின் மனத்தைக் கொண்டு அல்ல, திடமான மனமுடைய நியாயமான மனிதரைக் கொண்டே சொற்களின் விளைவை அளக்க வேண்டும் என்றும் கூறியது.

ஆனால் பாட்டு கொல்லவும் துணை போகும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. 1994-இல், கத்தோலிக்கர் மிகுந்த ருவாண்டா நாட்டில் டுட்சி இனத்தார் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டபோது, சைமன் பிகின்டி என்னும் பாடகரின் பாடல்களை வெறுப்பு வானொலி திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. பன்னாட்டு நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்கு 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. எதற்காக என்பதைக் கவனியுங்கள். அவருடைய பாடல்கள் இனப்பகையை வளர்க்கப் பயன்பட்டன என்று நீதிமன்றம் கண்டது. எனினும் தண்டனை கிடைத்தது, சாலையில் ஒலிபெருக்கி வைத்த வண்டியில் சென்று டுட்சிகளைக் கொல்லும்படி அவர் நேரடியாகத் தூண்டியதற்காக. அத்தனை பெரிய கொடுமையின் நடுவிலும், பாட்டுக்கும் கொலைக்கான அழைப்புக்கும் உள்ள வேறுபாட்டை நீதிபதிகள் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

இந்த வேறுபாடு நம் விவிலியத்திலும் இருக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆமோஸ், மதுவில் மூழ்கி ஏழைகளின் அழிவைக் கண்டுகொள்ளாத செல்வர்களைச் சாடினார். அரசன் எரொபவாமின் வீட்டுக்கு எதிராக வாள் எழும் என்றும் எச்சரித்தார். அவர் அரசனுக்கு எதிராகச் சதி செய்கிறார் என்று அரண்மனைக்குச் சொல்லி அனுப்பியவர் யார்? பெத்தேல் திருத்தலத்தின் குரு அமட்சியா! நாட்டைவிட்டு ஓடிப்போகும்படி ஆமோசிடம் கூறியவரும் அவரே. வரப்போகும் அழிவை எச்சரிப்பவரையும் அழிவுக்கு ஆள் திரட்டுபவரையும் அமட்சியா ஒன்றாகவே பார்த்தார். திருச்சபையும் நூற்றாண்டுகளாகத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்து, 1966-இல் அதைக் கைவிட்டது. சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, கேட்பவரும் பார்ப்பவரும் தாமே சீர்தூக்கித் தேர்ந்துகொள்ளும் கடமையை வலியுறுத்துகிறது.

ஆகவே ஒரு பாட்டைக் கேட்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இது யாரை நோக்கிப் பேசுகிறது? யாரை அடிக்கச் சொல்கிறது? அதிகாரத்தில் இருப்பவரை நோக்கிக் கோபத்தோடு பேசும் பாட்டு நம் காதுக்குக் கசக்கலாம். அதைத் தாங்கிக்கொள்வதே மக்களாட்சி. அயலாரை இழிவுபடுத்தி, அரிவாளைக் காட்டி, அவர்கள்மேல் கை ஓங்கச் சொல்லும் பாட்டு வேறு வகை.

இரண்டாம் வகை எங்கே ஒலிக்கிறது? நம் காதணி விழாக்களிலும் மஞ்சள் நீராட்டு விழாக்களிலும், சில வேளைகளில் தேர்பவனி முடிந்த இரவிலும் ஒலிபெருக்கியில் முழங்கும் சாதிப் பெருமைப் பாடல்களில் அல்லவா? இளைஞர்களின் கைப்பேசியில் அவை காணொளியாகச் சுற்றுவதையும் நாம் பார்க்கிறோம். அவற்றைப் பாடியதற்காக யார் வீட்டுக் கதவையும் அதிகாலையில் தட்டியதாக நாம் கேள்விப்படுவது அரிது. நம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் சாதியின் பெயரால் கிறிஸ்தவர்களே மோதிக்கொண்டதையும், துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்ததையும் நாம் மறக்கலாமா? அத்தகைய நெருப்புக்கு எண்ணெய் வார்ப்பவை எவை என்று நமக்குத் தெரியும்.

கல்வராயன் மலையையும் எண்ணிப் பார்ப்போம். கருணாபுரத் துயரத்துக்குப் பின் அந்த மலைமக்கள் அனைவரையுமே சாராயம் காய்ச்சுகிறவர்களாகப் பேசும் பேச்சு பெருகியது. ஆனால் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, அவர்களுக்குச் சாலையும் மருத்துவமும் கல்வியும் ஏன் சேரவில்லை என்று அரசைக் கேட்டது. ஏழைமேல் முத்திரை குத்தும் பேச்சு எளிதில் பரவுகிறது. ஏழைக்காக ஆள்பவரைக் கேட்கும் குரலோ குற்றமாகத் தோன்றுகிறது.

எனவே, நம் பங்குத் திருவிழாவில் ஒலிபெருக்கி அமைப்பவரிடம் எந்தப் பாட்டுக்கு இடமில்லை என்பதை விழாக் குழு முன்கூட்டியே சொல்லட்டும். பிள்ளைகள் பார்க்கும் காணொளியைப் பெற்றோர் பிடுங்கி எறியாமல், கூட அமர்ந்து பார்த்து, மேற்சொன்ன இரு கேள்விகளையும் கேட்கட்டும். அதேபோல், நமக்குப் பிடிக்காத ஒருவர் ஆள்பவரைக் கண்டித்துப் பாடியதற்காகச் சிறைப்படும்போது, "நமக்கென்ன" என்று ஒதுங்காமல் இருப்போம். அமட்சியாவின் இடத்தில் நின்றுவிடாமல் இருக்க இறைவன் நமக்கு அருள் தருவாராக.