ஊர்கள் பல கண்ட ஆட்டக்காரர்



ஓரிடத்தில் நிலைத்து நின்றவரையே உலகம் பெரிதும் போற்றுகிறது. ஒரே அலுவலகத்தில் முப்பது ஆண்டு பணியாற்றியவருக்கு மாலை சூட்டுகிறோம். மூன்று ஆண்டில் மூன்று வேலை மாறியவரை ஐயத்தோடு நோக்குகிறோம். கால்பந்தாட்ட உலகிலும் இம்மனப்பான்மை உண்டு. வளர்த்த கழகத்திலேயே ஆடி ஓய்வு பெற்றவருக்குக் கிட்டும் அன்பு, நாடு நாடாகச் சென்று ஆடியவருக்கு எளிதில் கிட்டுவதில்லை. ‘கூலிக்கு ஆடுபவர்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். இத்தீர்ப்பு நேரியதுதானா என்பதை ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்போம். அவர் பெயர் கிளாரன்ஸ் சீடோர்ஃப்.

தென் அமெரிக்காவின் வடகரையில் சூரினாம் என்றொரு சிறு நாடு இருக்கிறது. நெடுங்காலம் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த அந்நாடு 1975 நவம்பரில் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் நாள், அதன் தலைநகராகிய பாரமாரிபோவில் சீடோர்ஃப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஆம்ஸ்டர்டாம் நகரின் புகழ்பெற்ற அயாக்ஸ் கழகம் அவரைப் பயிற்றுவித்தது. 1992 நவம்பரில், பதினாறு வயதில், அக்கழகத்தின் முதல் அணியில் களமிறங்கினார்.

அவர் ஆடிய இடம் நடுக்களம். எங்கள் பள்ளி நாட்களில் அவ்விடத்தில் ஆடுபவனை ‘ஹாஃப்’ என்று சுருக்கமாக அழைப்போம். கோல் போடுபவனைத் தோளில் தூக்குவோமேயன்றி, அவனை யாரும் தூக்கியதில்லை. ஆனால் அவன் வேலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். பின்களத்தார் பறித்த பந்தை முன்களத்தாரிடம் சேர்ப்பவன் அவன். இடப்புறம் நெருக்கடி மிகுந்தால் வலப்புறம் திருப்புவான். ஆட்டம் பதறினால் வேகத்தைத் தணிப்பான். எதிரி அயர்ந்தால் வேகத்தைக் கூட்டுவான். தன் முதுகுக்குப் பின்னே யார் நிற்கிறார் என்பதைப் பந்து வருமுன்னரே அவன் அறிந்திருக்கவேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். கோல் கம்பங்களின் இடைவெளி எந்நாட்டிலும் 24 அடிதான். உயரம் 8 அடிதான். ஆகவே கோல் காப்பவரும் கோல் அடிப்பவரும் ஊர் மாறினாலும், அவர்கள் கண் வைக்கும் பொருள் மாறுவதில்லை. நடுக்கள ஆட்டக்காரர் கண் வைக்கவேண்டியதோ தம் தோழர்கள் மீது. எவருக்கு இடக்கால் வலிது, எவர் பந்தைக் காலடியில் கேட்பார், எவர் முன்னே தள்ளினால் ஓடிப் பிடிப்பார் என்பனவெல்லாம் ஒவ்வோர் அணியிலும் புதிதாகக் கற்கவேண்டியவை. ஆண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழோடு வந்து வகுப்பில் அமரும் பிள்ளைகளை நான் பலகாலம் பார்த்திருக்கிறேன். சிலர் ஆண்டிறுதி வரை விருந்தாளிகளாகவே இருப்பர். சிலர் பத்தே நாளில் அவ்வகுப்பின் பேச்சு நடையைக்கூடப் பற்றிக்கொள்வர். சீடோர்ஃப் இரண்டாம் வகையினர். டச்சு, ஆங்கிலம், இத்தாலியம், ஸ்பானியம், போர்ச்சுகீசியம் ஆகிய மொழிகளில் உரையாட வல்லவர். இதனை அணிகலன் என்று கொள்ளாதீர்கள். ஓடிக்கொண்டே ஒரு நொடியில் தோழனுக்குச் செய்தி சொல்லவேண்டியவருக்கு அது தொழிற்கருவியே ஆகும்.

1995 மே மாதம் வியன்னாவில் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் நடந்தது. அயாக்ஸ் ஒரே கோலில் இத்தாலியின் மிலான் கழகத்தை வென்றது. சீடோர்ஃபுக்கு அப்போது வயது 19. உடனே இத்தாலிக்குச் சென்று, ஜெனோவா நகரின் சம்ப்தோரியா கழகத்தில் ஓராண்டு ஆடினார். 1996-இல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அவரை அழைத்துக்கொண்டது.

இங்கே ஒரு சட்டச் செய்தியைக் கூறவேண்டும். ஷான் மார்க் பொஸ்மன் என்ற பெல்ஜிய ஆட்டக்காரர், அவரும் நடுக்கள ஆட்டக்காரரே, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் வேறு கழகத்திற்குப் போகமுடியாமல் தடுக்கப்பட்டார். புதிய கழகம் பணம் கொடுத்தாலன்றிப் பழைய கழகம் விடாது என்பது அன்றைய வழக்கம். அவர் வழக்குத் தொடுத்தார். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தவர் கட்டணமின்றிச் செல்லலாம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களை அயல்நாட்டார் என்று எண்ணிக்கையில் அடக்கலாகாது. இத்தீர்ப்புக்குப்பின் ஊர் மாறுவது மிகவும் எளிதாயிற்று; வியன்னாவில் வென்ற அயாக்ஸ் அணியும் இரண்டு மூன்று ஆண்டுகளில் சிதறிப்போயிற்று. உழைப்பவருக்கு உரிமை கிடைத்தது. வளர்த்த கழகங்களுக்கு இழப்பு நேர்ந்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே முறை.

மாட்ரிட்டில் முதல் ஆண்டிலேயே ஸ்பானியப் பட்டம் கிட்டியது. 1998-இல் இத்தாலியின் யுவெண்டஸை வென்று, 32 ஆண்டுகளுக்குப்பின் ரியல் மாட்ரிட் ஐரோப்பியக் கோப்பையைக் கைக்கொண்டது. அந்த இறுதியாட்டம் நடந்த இடம் ஆம்ஸ்டர்டாம்! தம்மை வளர்த்த நகரிலேயே, வேற்று நாட்டுக் கழகத்தின் சட்டையணிந்து அவர் கோப்பையை ஏந்தினார்.

பின்னர் மிலான் நகரின் இண்டர் கழகத்தில் இரண்டரை ஆண்டுகள் ஆடினார். பட்டம் ஒன்றும் இல்லை. 2002-இல் அதே நகரின் எதிர்க்கழகமாகிய மிலானுக்கு மாறினார். இரு கழகங்களுக்கும் சொந்த மைதானம் ஒன்றே, தெரு ஒன்றே, பகை மட்டும் இரண்டு தலைமுறைக்கும் மேற்பட்டது. அடுத்த ஆண்டே சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இவ்விரு கழகங்களும் மோதின. முதலாட்டம் 0-0, இரண்டாவது 1-1. வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற அக்கால விதியால், ஒரே மைதானத்தில் ஆடியும், இரண்டாம் ஆட்டத்தில் ‘விருந்தினராக’ எண்ணப்பட்ட மிலானே முன்னேறியது. அவ்விதி 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது, நீக்கியது நன்றே.

மான்செஸ்டரில் நடந்த இறுதியாட்டத்தில் மிலான் மீண்டும் யுவெண்டஸைப் பெனால்டி உதைகளில் வென்றது. மூன்று வெவ்வேறு கழகங்களுக்காக அக்கோப்பையை வென்ற முதல் ஆட்டக்காரர் சீடோர்ஃப் ஆனார். ஆனால் அன்று அவர் உதைத்த பெனால்டி தடுக்கப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். பெனால்டி அவருக்கு என்றுமே கைகொடுத்ததில்லை எனலாம். 1996 ஐரோப்பியப் போட்டியின் காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக அவர் உதைத்த பந்து தடுக்கப்பட, நெதர்லாந்து வெளியேறியது. அடுத்த ஆண்டு துருக்கிக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதியாட்டத்தில் மீண்டும் தவறவிட்டார். நெதர்லாந்து 0-1 எனத் தோற்றது. நாட்டுக்காக 87 ஆட்டங்கள் ஆடியவரை அந்நாட்டு ரசிகர்கள் முழு மனத்தோடு ஏற்றுக்கொள்ளாமைக்கு இவ்வுதைகளும் ஒரு காரணம்.

மிலானில் பயிற்சியாளர் ஆன்செலோட்டி நடுக்களத்தாரை வைர வடிவில் நிறுத்தினார். பின்னே பிர்லோ ஆட்டத்தைத் தொடங்குவார். வலப்புறம் கட்டூசோ பந்தைப் பறிப்பார். முன்னே, 2003 முதல், பிரேசிலின் ககா பாய்வார். இடப்புறத்துச் சீடோர்ஃப் இம்மூவர் வேலையையும் வேண்டியபோது செய்வார். 2007 அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டை மிலான் 3-0 என வென்றபோது இரண்டாவது கோல் அவருடையது. பின்னர் ஏதென்ஸில் லிவர்பூலை வென்று நான்காவது ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றார். அதே லிவர்பூலிடம், 2005-இல் இஸ்தான்புலில், 3-0 என முன்னிலை பெற்ற பின்னரும் மிலான் தோற்றிருந்தது.

மிலானில் அவர் பத்தாண்டுகள் தங்கி 400-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார் என்பதைக் கவனியுங்கள். கூலிக்காக மட்டும் அலைபவர் பத்தாண்டு ஓரிடத்தில் தங்குவாரா? தம் திறமை முழுதும் பயன்படும் இடத்தைத் தேடியவர், அது கிடைத்ததும் நின்றார் என்பதே என் கருத்து.

36-ஆம் வயதில் பிரேசிலுக்குச் சென்று, ரியோ டி ஜெனிரோவின் பொட்டாஃபோகோ கழகத்தில் ஆடி 2013-இல் மாநிலப் பட்டம் வென்றார். 2014 ஜனவரியில் ஆட்டத்தை விட்டு மிலானின் பயிற்சியாளரானார். ஜூனிலேயே அப்பதவி போயிற்று. சீனா, ஸ்பெயின், கேமரூன் ஆகிய நாடுகளிலும் பயிற்சியாளராக இருந்தார்; எங்கும் நெடுநாள் நிலைக்கவில்லை.

பிறந்த நாட்டுக்காக மட்டும் அவர் ஆடியதே இல்லை. டச்சுக் குடியுரிமை பெற்றவர்களைச் சூரினாம் தன் அணியில் சேர்ப்பதில்லை என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. விடுதலையின்போது பிரிந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இவ்வாறு நெதர்லாந்து அணிக்கே பெருமை சேர்த்தனர். 2019-இல் சூரினாம் அரசு, வெளிநாட்டுக் குடிமக்களான தன் மரபினர் தன் அணியில் ஆட, விளையாட்டுக்கென்று தனிக் கடவுச்சீட்டு வழங்க முன்வந்தது. சீடோர்ஃப் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே காலணியைக் கழற்றிவிட்டிருந்தார்.